தம்பியின் காணியில் ஒரு கண்டற்காடு

பிரதேச சபைக் கடிதத்தைத் தம்பி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். சிங்களத்தில் அரைப் பக்கம். வீடு கட்ட அனுமதி கேட்ட காணியில், உப்புச் சேற்றில் வளரும், வெட்டக்கூடாத கண்டல் தாவரம் இருப்பதாகத் தெரிகிறது; அங்குள்ள தாவர வகை பற்றி எழுத்தில் விளக்கம் தரும்வரை விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியாது. வெண்டிக்காயை வைத்துவிட்டு அவனுக்கு அழைத்தேன்.

“கண்டலாம் அக்கா. அங்க புல்லுத்தானே நிக்குது?” என்றான்.

அந்தக் காணி பேலியகொடைக்கும் அப்பால், மீன் லொறிகள் திரும்பும் வீதியிலிருந்து உள்ளே போகவேண்டும். தம்பி குடும்பம் கொட்டாஞ்சேனையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார். அனெக்ஸ் அவளுக்கு வேண்டும். தம்பி மனைவியின் நகைகளில் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் காணிக்குள் போயிருந்தது. அனுமதி கிடைக்காவிட்டால் வீடு இல்லை. கண்டல் நிலம் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் வாங்கவும் ஆள் கிடைக்காது.

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தம்பியின் மாமனார், ஓய்வுபெற்ற தபாலதிபர், மகளோடுதான் இருக்கிறார். சபை உத்தியோகத்தர் காணி பார்க்க வந்த நாளில் தம்பிக்கு லீவு கிடைக்காததால் அவர்தான் அங்கே நின்றவர்.

“மாமா, அந்த ஆளோட என்ன கதைச்சனீங்கள்?”

“நான் என்ன பிள்ளை கதைக்கிறது. நல்ல பெடியன். மூலையில நிக்கிற மரத்தைக் காட்டி என்னெண்டு கேட்டான். சொன்னனான்.”

மூலையில் நிற்பது தில்லை மரம். காணி வாங்கிய கையோடு, மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்த கன்றை மாமா அங்கே நட்டிருந்தார். நடராசர் குடியிருக்கும் தலத்தின் மரம் நம் காணியில் நின்றால் நல்லது என்பது அவருடைய எண்ணம். அது இப்போது என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. தில்லை கண்டற்காடுகளின் ஓரத்தில் தானாக வளரும் மரம் என்பதை அவர் யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

“சிங்களத்தில என்னெண்டு சொன்னீங்கள்?”

“தெலகீரிய எண்டு. தெய்யன்கே கஹ, சாமி மரம் எண்டும் சொன்னனான்.” கொஞ்சம் தயங்கினார். “பிறகு, இந்த இடம் முழுக்க முந்தித் தில்லைவனமா இருந்திருக்கும் எண்டும் ஒரு கதைக்குச் சொன்னனான். மே ஒக்கோம இஸ்ஸர தெலகீரிய கெலே.”

குசினிக்குள் இருந்து மகளின் குரல் வந்தது. “அப்பா, அந்தாள் வந்தது காணி பார்க்க. உங்களை ஆர் தல புராணம் சொல்லச் சொன்னது?”

“பொய்யோ சொன்னனான்?”

“பொய் சொல்லியிருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும்.”

தம்பி சிரித்துவிட்டான். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். காணிக்காரர் பக்கமே இது கண்டற்காடு என்று சொன்னால் உத்தியோகத்தர் எழுதாமல் என்ன செய்வார்?

விளக்கத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் கோப்புகளைச் சரிபார்க்கிறவள். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். குடும்பத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதெல்லாம் என் தலையில்தான் விடியும். ஆனால் இந்த முறை எனக்கு ஒரு பயம் இருந்தது. அதைத் தம்பிக்குச் சொல்லவில்லை. வெள்ளம் புகுந்த வீடுகளின் கோப்புகளை எத்தனையோ வருடங்களாகப் பார்த்து வருகிறேன். சதுப்பை நிரப்பிக் கட்டிய வீடுகள் அவற்றில் திரும்பத் திரும்ப வரும். காணி உண்மையிலேயே சதுப்பு என்றால், சதுப்பு அல்ல என்று எழுத என் கை வராது.

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒருவரின் மகள் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கிறாள். அவள் இணையத்தில் இருக்கும் ஒரு தரவுத்தளத்தின் முகவரியை அனுப்பினாள். உலகத்தில் எந்தெந்தத் தாவரங்கள் எங்கே கூட்டமாகச் சேர்ந்து வளர்கின்றன என்று வகைப்படுத்தி, வகைக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணியோடு அதைத் திறந்தேன். தேடல் பெட்டியில் தில்லையின் தாவரவியல் பெயரை இட்டேன்.

வந்த பக்கங்கள் எல்லாமே கண்டல். வங்காள விரிகுடாக் கரை, அவுஸ்திரேலியக் கரை, நம் தீவின் வாவிகள். சேற்றுக்குள்ளிருந்து மூச்சுவேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் படங்கள். பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் மாமா சொன்னதையே சொல்லிற்று. தேத்தண்ணி ஆறிவிட்டது.

மடிக்கணினியை மூடப் போகும்போதுதான் ஒரு பக்கத்தைத் தலைப்பிலிருந்து அடிவரை வாசித்தேன். அதுவரை நான் தாவரப் பட்டியலை மட்டும்தான் பார்த்திருந்தேன். பட்டியலுக்குக் கீழே அந்த வகையை எப்படி அடையாளம் காண்பது என்று இருந்தது. உப்பு நீர் ஏறி இறங்க வேண்டும். மண் சேறாக இருக்க வேண்டும். இன்னின்ன மரங்கள் சேர்ந்து நிற்க வேண்டும். ஒரு இனம் தனியாக நிற்பதை வைத்து வகையைத் தீர்மானிக்கக் கூடாது. மனிதர் நட்டதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்தேன். ஒரு தாளைப் பார்த்து ஒரு கோப்பைத் தீர்மானிக்கிற ஆளை நான் அலுவலகத்தில் சும்மா விட்டிருக்க மாட்டேன். நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தம்பியோடு காணிக்குப் போனேன். தில்லையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தோம். அவன் படம் எடுத்தான், நான் எழுதினேன். கினியாப் புல், தொட்டாற்சுருங்கி, நாயுருவி, ஆமணக்கு, யாரோ கொட்டிய கட்டட இடிபாட்டின் மேல் படர்ந்த கொடி ஒன்று. மண் சிவப்பாக, காய்ந்து, மண்வெட்டிக்கு இளகாமல் கிடந்தது. நடக்க நடக்க எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. ஆனால் பின் எல்லையில் கழிவுநீர்க் கானுக்குப் பக்கமாக ஒரு துண்டில் கால் புதைந்தது. அங்கே சம்பங்கோரை நின்றது, தண்ணீரில் சல்வீனியாக் களை மிதந்தது.

“இதையும் எழுதப் போறீங்களோ?” என்றான் தம்பி.

“ஓம்.”

“அக்கா!”

“பின்னுக்குத் தண்ணி நிக்கிறது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சபைக்கு மட்டும் தெரியக்கூடாதோ?”

அவன் என்னை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று வீதிக்கு நடந்தான்.

இந்த முறை தரவுத்தளத்தில் ஒற்றைப் பெயரைத் தேடவில்லை. நிலம், நீர், மண், கண்ட செடிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். முன் பகுதிக்கு வந்தது, மனிதர் கிளறிவிட்ட தரையில் களையும் புல்லும் சேர்ந்து வளரும் சாதாரண வகை. பின் துண்டுக்கு வந்தது நன்னீர்ச் சதுப்பு. கண்டல் இரண்டிலும் இல்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து ஃப்ளாட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

இரண்டையும் எழுதினேன், படங்களோடு. தில்லையை நட்டது யார், எதற்காக என்பதையும் எழுதினேன்.

உத்தியோகத்தர் திரும்பவும் வந்தார். நான் லீவு போட்டுவிட்டுத் தம்பியோடும் அவன் மனைவியோடும் அங்கே நின்றேன். மாமா வரக்கூடாது என்று மகள் உத்தரவு போட்டிருந்தாள். அவர் வந்துவிட்டார், வாயை இறுக்கிக்கொண்டு குடையோடு ஒரு ஓரமாக நின்றார்.

“அங்கள், கெலே கோ?” என்று உத்தியோகத்தர் சிரித்தார். காடு எங்கே என்கிறார்.

மாமா மகளைப் பார்த்தார். மகள் வானத்தைப் பார்த்தாள்.

உத்தியோகத்தர் பின் துண்டுவரை நடந்து, சேற்றில் சப்பாத்து புதைய நின்று, என் தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் துண்டை நிரப்பக் கூடாது, வீட்டை முன்னுக்குத் தள்ளிப் புதிய பிளான் கொடுங்கள், மற்றபடி தடை இல்லை என்றார். “ஹரி மிஸ்”, சரி என்று சொல்லித் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். தம்பி என் கையைப் பிடித்தான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிப் பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அனுமதி வந்த அன்று தம்பி மனைவிதான் அழைத்தாள். “மச்சாள், கிடைச்சிட்டுது” என்றாள்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் குரல் கேட்டது. வீட்டை முன்னுக்குத் தள்ளினால் குசினி வீதிப் பக்கம் வந்துவிடும், அது சரிவராது என்றான். வீதியால் போகிற மீன்காரனை யன்னலாலேயே மறிக்கலாம், அங்கேதான் வேண்டும் என்றாள் அவள். மீன் நாற்றம் விறாந்தைக்கு வரும் என்றான். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கோ என்றாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். மாமாவின் குரலும் அதில் இருந்தது. என்னை மறந்துபோனார்கள். நான் ஃபோனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.