சைனும் காஸும் ஒன்றாகத் தெரிந்த நாள்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். மோட்டார் முனகும் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். கணக்குக்கும் அவருக்கும் மட்டும் சிறுவயது முதலே ஏழாம் பொருத்தம்.

போன வருடம் ஆலை கைமாறியது. எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் பரீட்சை எழுத வேண்டும் என்றார் புது முதலாளி. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் இனி கரண்ட் வேலையைத் தொடக்கூடாது, வாசல் கேட்டில் வாட்ச்மேனாக நிற்க வேண்டும். இவர் இரண்டு முறை கோட்டைவிட்டார். இரண்டு முறையும் காலை வாரியது ஒரே பகுதிதான். சைன், காஸ் அலைகளை இணையத்தில் வரைந்து ஒப்பிட வேண்டுமாம்.

வெட்கத்தை விட்டு, பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகளிடம் போய் உட்கார்ந்தார். அவள் தன் போனில் வரைபடத் தளத்தைத் திறந்து கொடுத்தாள்.

"முதல்ல இந்தப் படுக்கைக் கோட்டை முந்நூத்தி அறுபது வரைக்கும் வச்சிடுங்கப்பா. அப்பதான் ஒரு அலை முழுசாத் தெரியும்."

ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. காஸ் தொண்ணூறு டிகிரி முந்திப் போகும், சைன் பின்னால் வரும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. குழம்பு கொதிக்கிற நேரத்தில் எனக்கு எதற்கு இந்த ஞானம் என்று எரிச்சல்கூடப் பட்டேன்.

மூன்றாவது பரீட்சை முடிந்து மதியமே திரும்பிவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து கேட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

அடுப்பை அணைத்தேன். "என்னங்க கேட்டாங்க?"

"சைன், காஸ் ரெண்டையும் வரைஞ்சு எது முந்துதுன்னு எழுதச் சொன்னாங்க. முந்நூத்தி அறுபது வரைக்கும் வச்சேன். திரை பூரா சிவப்பும் நீலமும் ஒரே அப்பலா அப்பிடுச்சு. மூணு தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். அதேதான். ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதுன்னு எழுதிட்டேன்."

"காஸ்தானே முந்தும்? எனக்கே தெரியுமே. தெரிஞ்சதை எழுதித் தொலைச்சா என்ன?"

"தெரியும். ஆனா மீட்டர்ல இல்லாததை நான் இதுவரைக்கும் எழுதினதில்ல. கரண்ட் இருக்காதுன்னு மனசு சொல்றதை நம்பிக் கை வச்சவன் எவனும் வீடு திரும்பல."

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? கரண்டியைத் தூக்கி எறியலாம்போல் ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த கம்ப்யூட்டர் டிகிரியில இல்லாம ரேடியன்கிற வேற கோண அளவுல இருந்திருக்கும். என் போன்ல டிகிரின்னு மாத்தி வச்சிருந்தேன். ரேடியன்ல ஆறேகால் சொச்சத்துலயே ஒரு அலை முடிஞ்சிடும். முந்நூத்தி அறுபதுன்னு வச்சா அம்பத்தேழு அலை ஒண்ணுமேல ஒண்ணு நெருக்கிக்கும். செட்டிங்ஸ்ல ஒரு தட்டு தட்டினா மாறியிருக்கும். நான் சொல்லாம விட்டுட்டேன்பா."

அவள் விசும்ப ஆரம்பித்தாள். அவர் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"நீ சொல்லணுமா? மீட்டர் குமிழ் எந்த அளவுல நிக்குதுன்னு பார்க்காம கம்பியைத் தொடப் போனவனுங்களை, இவன் எலக்ட்ரீஷியனே இல்லன்னு நானே எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கேன். இன்னிக்கு நான் பார்க்கல. அவங்க சரியாத்தான் பண்ணியிருக்காங்க."

ஆலைக்காரர்களைத் திட்ட என் நாக்கு நுனியில் நூறு வார்த்தை இருந்தது. அவர் பக்கம் நிற்க அவரே இல்லாதபோது, நான் யாருக்காகத் திட்டுவது?