என்னைவிட நல்ல தங்கை

எங்கள் விஷ்ராந்த்வாடி அடுக்குமாடி சொசைட்டியின் கணபதி விழாவுக்கு நான் பைத்தானிப் புடவை கட்டி எடுத்த படத்தை யாரோ திருடி, புது நம்பரில் வாட்ஸ்அப் தொடங்கி, நானாக உலவியிருக்கிறாள். ஆணோ பெண்ணோ, என் முகத்தை மாட்டிக்கொண்டதால் அவள் என்றே சொல்கிறேன். திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்கு, "பழைய போன் கெட்டுப்போச்சு, இனிமே இதுதான் நம்பர்" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்திருக்கிறாள். நானும் அப்படித்தான் அடிப்பேன். அக்கா நம்பிவிட்டாள். அந்தத் திருடி நாலைந்து நாள் நலம் விசாரித்துவிட்டுப் பணம் கேட்டிருக்கிறாள். அனுப்பத் தெரியாத அக்கா என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்க, குட்டு உடைந்தது. பணம் தப்பியது.

புகார் கொடுக்க ஆதாரம் வேண்டுமென்று அந்த உரையாடலை வாங்கிப் படித்தேன். வயிறு எரிந்தது. எனக்கு அக்கா அனுப்புவது காலையில் ஒரு பூப்படம், நான் ஏதாவது கேட்டால் ஒரு கட்டைவிரல். அந்தத் திருட்டுக் கழுதைக்கோ பத்தி பத்தியாக! முட்டிவலி, மருமகளின் சிடுசிடுப்பு, தூக்கம் வராதது. கடைசியில், மார்பில் ஒரு கட்டி, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்ற சேதி. "அய்யோ அக்கா, சாப்பிட்டியா?" என்று இவள் உருகியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" போனில் கத்தினேன்.

"உங்கிட்டதானேடி சொன்னேன்" என்றாள் அக்கா.

கணவர் என் போனை வாங்கி, படத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றி, ரகசிய எண்ணும் போட்டார். "இனி யார் பணம் கேட்டாலும், உங்க ரெண்டு பேருக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு கேள்வியைக் கேளுங்க" என்றார். என்ன கேள்வி? படித்த பள்ளி, வளர்த்த நாய், எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் நானே போட்டிருக்கிறேன். அக்காவின் இப்போதைய சங்கதியோ என்னைவிட அந்தத் திருடிக்குத்தான் அதிகம் தெரியும். பரீட்சை வைத்தால் அவள்தான் தங்கை, நான் போலி.

மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன். "அவகிட்ட சொல்லாத ஒண்ணை எனக்குச் சொல்லு."

பக்கத்து லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்தது. வழக்கம்போல போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரிசல்ட் வந்துடுச்சுன்னு லேப்ல கூப்பிட்டாங்க. போய் வாங்கல. பயமா இருக்குடி."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இது அந்தத் திருட்டுக் கழுதைக்குத் தெரியாது. பிறகுதான் அழுகை வந்தது.