பெரியம்மா கூப்பிட்ட பெயர்

“வைகாசி, சனி. பாலைப்பழத்துக்குக் காட்டுக்குப் போனோம். பிள்ளை தொலைந்து, பின்னேரம் கிடைத்தாள்.” அப்பாவின் கொப்பியில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டை அவர் எழுதவில்லை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

சென்ற சனிக்கிழமை நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு கல்மலையில் தனியாக ஏறினேன். அடிவாரத்தில் பொறுக்கித் தின்ற பாலைப்பழத்தின் பால் உதடுகளை ஒட்ட வைத்தது. அன்றும் இப்படி ஒட்டிய உதடுகளோடுதான் மலையுச்சியில் ஒரு பாறை இடுக்கில் அழுதுகொண்டிருந்தேன்.

கீழே எல்லோரும் என் பெயரைச் சொல்லாமல் ‘கூ… கூ…’ என்று கூக்காட்டித் தேடினார்கள். காட்டுக்குள் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காடு அவரை வைத்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எனக்கோ அந்தக் கூச்சத்தம் பேய்களுடையதாகவே கேட்டது. இன்னும் உள்ளே ஒடுங்கினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போது பெரியம்மாவின் குரல் கேட்டது. “அன்னம்மா! எடியே அன்னம்மா!”

அன்னம்மா என்பது பெரியம்மாவின் பெயர். தன்னைத் தானே கூப்பிடுகிறாரே என்று சிரிப்பு வந்தது. பயம் போய், குரல் வந்த பக்கமாக இறங்கினேன்.

“ஏன் பெரியம்மா உங்கட பேரைக் கூப்பிட்டனீங்கள்?”

“உன்ர பேரைக் காட்டுக்குக் குடுத்திட்டு, கொம்மாவுக்கு என்ன மறுமொழி சொல்லுறது? நான் அஞ்சு பெத்தவள். என்னை வைச்சுக் காடு என்ன செய்யப்போகுது?”

அது இந்த மலைதானா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை. விசாரித்த இருவரும் வெவ்வேறு மலைகளைச் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கான நன்றியை இங்கேயே சொல்லிவிட்டு இறங்கினேன்.