பச்சைப் பெயிண்ட் அடித்த கப்பல் பெட்டி

பழைய கப்பலைக் கழுவித் துடைத்து, வாசனை தெளித்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் கருமத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழ்த்தளத்தில் எலுமிச்சை வாசம். சாப்பாட்டு மேஜையில் பிளாஸ்டிக் மீன், அதற்கு ஒரு வெள்ளித் தட்டு வேறு! என் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தத் தீவில் வந்து இறங்கும்வரை, அடுத்தவர் வாந்தி நாற்றத்தில், தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தே வந்தவர். அந்த நாற்றத்தை எவன் காட்டப்போகிறான்?

ஆனாலும் அப்படிப்பட்ட ஒரு மியூசியத்துக்குத்தான் அந்தப் பெட்டியைக் கொடுத்தேன். கரையோரம் கட்டி வைத்திருக்கும் பழைய கப்பல். பயணிகளின் சாமான்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்பா ஊரின் மறுகோடியில், பிடோக்கில், தம்பி வீட்டில் இருக்கிறார். பெட்டி ஜூரோங்கில் என் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. போனில் கேட்டேன்.

"தாராளமா குடும்மா. மூடியில என் பேரு, ஊர் பேரு, எல்லாம் நானே எழுதினது. கண்ணாடிக்குள்ள வைப்பாங்களா?"

வைப்பார்கள் என்றேன்.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூடத் தேய்த்துக் கழுவித்தான் திருப்பிக் கொடுப்போம். துருவும் விபூதிக் கறையுமாக ஒரு பொருளை வெளியாருக்குக் கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஜாலான் புசார் கடைத்தெருவில் ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட் வாங்கினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளை எழுத்து தூளாகக் கொட்டியபோதும் கை நிற்கவில்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. நகத்தில் ஒட்டிய பச்சைதான் ஒரு வாரம் போகாமல் இருந்தது.

பெட்டியை வாங்கிக்கொண்ட தமிழ்ப் பெண், "ரொம்பப் புதுசா இருக்கேக்கா," என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், மூதேவி.

இரண்டு மாதம் கழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா என்னோடு மியூசியத்துக்குக் கிளம்பி வந்தார். கண்ணாடிப் பேழை ஒவ்வொன்றிலும் குனிந்து தேடினார். பெட்டி எதிலும் இல்லை. மேல்தளத்தில், புகைப்படம் எடுக்கும் மூலையில் கிடந்தது. கடற்கொள்ளையன் தொப்பி போட்ட ஒரு பொடியன் அதன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

பூட்டுக்குப் பக்கத்தில் இருந்த நெளிவைத் தடவித்தான் அப்பா அடையாளம் கண்டுபிடித்தார். பிறகு மூடியைத் தடவினார்.

"பேரைக் காணோமே."

"இவங்கதான்ப்பா பெயிண்ட் அடிச்சிருப்பாங்க! பழைய பொருளோட அருமை தெரியுமா இதுங்களுக்கு? சீ!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். அன்றைக்குப் பெட்டியை வாங்கிக்கொண்ட பெண் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்; என்னைப் பார்த்தாள்.

அப்பா என் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"விடும்மா. பெட்டியைக் குடுத்த வாரம் நீ தம்பி வீட்டுக்கு வந்தப்ப உன் நகத்துல இந்தப் பச்சைதான் இருந்துச்சு."

பொடியன் இறங்கியதும் அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். "அங்கிள், தொப்பி போட்டுக்குங்க லா, போட்டோ நல்லா வரும்," என்று அந்தப் பெண் நீட்டினாள். மறுக்காமல் போட்டுக்கொண்டார்.

தூ, என்ன ஜென்மம் நான். அந்தப் போட்டோவை எடுத்ததும் நான்தான்.