பழுப்பாகிப்போன தண்ணீர்

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷம் உதவியாளராக இருந்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் லிட்மஸ். எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது. சந்தேகத்துக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்ததிலிருந்து எதுவுமே சரியில்லை. சோப்பு நுரைக்கவில்லை. போலி சோப்பு என்று கடையை மாற்றினாள். தலைமுடி வறட்டிபோல் ஆனது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது.

"நீங்க ஒழுங்காக் கழுவுறதே இல்ல," என்றாள் கணவரிடம். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், எந்த வசவையும் ஹாரன் சத்தம்போலக் கடந்துவிடுவார்.

"தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் வெள்ளையாச்சு. நம்பலேன்னா நீயே கழுவு."

அந்த வாரம் வாசலில் ஒரு விற்பனையாளன் வந்து நின்றான். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரமாம். மேல்வீட்டுக்காரி வாங்கிவிட்டாளாம். சமையலறை மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தான். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த சுத்தமான தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினான். குழாய்த் தண்ணீர் சாக்கடைபோல் பழுப்பாகியது. மற்றது பளிங்குபோல் நின்றது.

"இதைத்தான்மா தினமும் குடிக்கிறீங்க," என்றான் மெல்ல.

கணவர் முகம் வெளிறிவிட்டது. அவளோ தண்ணீரைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரில் இருந்த கம்பி அரிக்கப்பட்டிருந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்." உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவனுடைய சுத்தமான தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். "இப்ப மறுபடி போடுங்க."

"அது வந்தும்மா, அப்படிப் பண்ணக்கூடாது."

"ஏன் கூடாது? உப்பைத்தான் தினமும் சாப்பிடுறோம்."

வேறு வழியில்லாமல் போட்டான். அதுவும் பழுப்பாகியது.

"உப்பு இருந்தா கரண்ட் ஓடும், இரும்பு கரையும். அந்த நிறம் உங்க கம்பியோடது, எங்க குழாயோடது இல்ல."

அவன் கம்பிகளைப் பெட்டிக்குள் போட்டுக் கட்டினான். "மிச்சத் தண்ணிய வச்சுட்டுப் போங்க," என்று பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

அவன் பொய் சொன்னான் என்பதற்காகக் குழாயும் யோக்கியம் ஆகிவிடுமா? இரண்டு தண்ணீரிலும் ஒரே சோப்பைச் சீவிப்போட்டுக் குலுக்கினாள். அவன் பாட்டிலில் நுரை பொங்கியது. குழாய்த் தண்ணீரில் திரிதிரியாக அழுக்குப்போல மிதந்தது. சோப்பு நல்ல சோப்புதான். குழாயில் வருவதுதான் கடின நீர்.

கெட்டிலில் வினிகர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்தாள். இவ்வளவு நாள் அசையாத பொருக்கு குமிழி விட்டுக் கரைந்தது. கணவர் எட்டிப்பார்த்தார்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் கழுவியிருக்கேன்."

"ஆமா, தப்பாச் சொல்லிட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் காது சிவந்துவிட்டது.

"குடிக்கலாமா?"

"வெறும் சுண்ணாம்புச் சத்து. ஒண்ணும் பண்ணாது."

அவர் ஒரு டம்ளர் பிடித்துக் கடகடவென்று குடித்தார். டம்ளர் காலியாகும்வரை அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தனக்கு ஊற்றிக்கொண்டாள்.