தகடு கழுவும் முறை

இந்தச் சங்கம் உருவாவதற்கு முன்பே ஊரில் எனக்கென்று ஒரு நிலை இருந்தது. பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடித்தவன். புதுக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை, கடலோரத்தில் சிறியதோர் உப்பளம். நீதிமன்றம் ஏறுமுன் என் சொல்லைக் கேட்டுப்போகும் குடும்பங்கள் உண்டு. ஆகவே உப்பளக்காரர்கள் சேர்ந்து சொந்தமாக மின்சாரம் எடுப்பது என்று முடிவானபோது, தலைவர் பொறுப்பை நான் தேடிப் போகவில்லை.

அமைப்பு எளிது. எல்லோரும் பங்கு போட்டு, உப்பு விளையாத தரிசில் சூரியத் தகடுகளை நிறுத்தினோம். அந்த மின்சாரம், பாத்திகளுக்கு உவர்நீர் இறைக்கும் எங்கள் ஆழ்துளைக் கிணறுகளின் மோட்டார்களுக்குப் போகும். எல்லா மோட்டார்களும் ஒருசேர ஓட அது போதாது; எனவே முறைவைத்து ஓட்டினோம். அளம் பெரிதானாலும் சிறிதானாலும் ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு முறை, பொதுக்குழுவில் ஆளுக்கு ஒரு ஓட்டு.

இதைவிடக் கடினம் தகடு கழுவுவது. கடற்காற்றில் வரும் உப்பு ஒரே பகலில் தகட்டின்மேல் படிந்துவிடும். காலைதோறும் லாரியில் வரும் நல்ல தண்ணீரால் துடைத்தாக வேண்டும். தம் முறை வரும் நாளில் உறுப்பினரோ அவர் வீட்டாரோ நேரில் வந்து கழுவ வேண்டும், கூலியாள் கூடாது, தவறினால் அடுத்த சுற்றில் அவர் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை என்று விதி எழுதியவன் நான். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுவினேன். கடைக்கு வருகிறவர்கள் சிலர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

சங்கத்திலேயே பெரிய அளம் என் அக்காளின் கணவருடையது. வெயில் உச்சத்தில் இருந்த மாதம், தகடு கழுவும் தம் முறையன்று அவர் இரண்டு கூலியாட்களை அனுப்பிவிட்டார். அவர்கள் அளத்திலேயே வளர்ந்தவர்கள். நல்ல தண்ணீர் குடிப்பதற்கு, கழுவுவதெல்லாம் வாய்க்கால் உவர்நீரில் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதன்படியே தகடுகளையும் உவர்நீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். நண்பகலுக்குள் தகடுகள் பாத்திகளைப் போலவே உப்புப் பூத்து வெளுத்தன, மோட்டார்கள் நின்றன. பாத்தியில் நீர் வற்றினால் உப்பு தரையோடு இறுகிப்போகும்; மண்ணோடு பெயர்த்த உப்பை எவரும் வாங்கார். சிறிய அளக்காரர் சிலருக்கு அந்த விளைச்சலே கெட்டது.

விதிப்படி அடுத்த சுற்றுக்கு அத்தானின் இணைப்பை நிறுத்தினேன். மறுநாளே கடைக்கு வந்தார்.

“மாப்ளே, கூலியாளு செஞ்ச தப்புக்கு என் மோட்டார நிறுத்துவீராக்கும்? நீரு நல்ல பேரெடுக்க என் அளந்தான் கெடச்சுதா?”

“எனக்கும் அதே விதிதான் அத்தான்.”

“அப்ப விதிய மாத்துதேன். ஏக்கருக்கு ஒரு ஓட்டுன்னு பொதுக்குழுவுல கேக்கேன். பெறவு தலைவர் யாருன்னு பாப்போம்வே.”

அது நிறைவேறினால் அவரும் இன்னும் இரண்டு பெரிய அளக்காரர்களும் சேர்ந்து சங்கத்தைத் தம் கையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மோட்டார் அவர்கள் தயவில் ஓடும். அன்று மாலை அக்காள் தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏலே, ஒரு சுத்துதான? விட்டுக்குடுத்தா என்னல கொறஞ்சு போவுது?”

“சங்கம் போயிரும்க்கா” என்றேன்.

பொதுக்குழு, உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் கூடியது. அத்தான் தம் தீர்மானத்தைப் படித்து முடித்ததும், விளைச்சல் கெட்டவர்களில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். சங்கத்திலேயே சிறிய அளம் அவருடையது.

“அண்ணாச்சி, ஏக்கருக்கு ஒரு ஓட்டு வச்சுக்கிடுங்க. ஏக்கருக்கு ஒரு நாளு தகடும் கழுவுவியளா?”

“வேட்டி நனைஞ்சுரும்லா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கிட்டங்கி முழுவதும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, கை தூக்கச் சொன்னேன். தீர்மானத்துக்கு ஆதரவாக அத்தானின் கையும் அவருடைய பங்காளி ஒருவரின் கையும்தான் எழுந்தன. மற்றப் பெரிய அளக்காரர்கள் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது.

அக்காள் அழுததைப் பொறுக்காமல் சுற்றின் பாதியிலேயே இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். உண்மையன்று. சுற்று முடியும்வரை கொடுக்கவில்லை. அக்காள் அழவும் இல்லை.