துணைக் கப்பலுக்குப் போனவர்

எங்கள் ஊர் பூண்டி. கொடைக்கானலைத் தாண்டி இன்னும் உள்ளே போகணும். வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான். ஆனாலும் கப்பலைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. கப்பலைக் கண்ணால் பார்த்தவள் இல்லை நான். ஆனால் சண்டைக் கப்பல் எது, அதுக்குத் துணையாகப் போகிற கப்பல்கள் என்னென்ன, எது முன்னால் போகும், எது பின்னால் வரும் என்று கேட்டால் இப்போதும் தடுமாறாமல் சொல்வேன். நான் காத்துக் கெடந்த காலம் அப்படி.

என் வீட்டுக்காரருக்குக் குதிரைச் சோலி. சாம்பல் நிறத்தில் ஒரு பொதிக்குதிரை வைத்திருந்தோம். அப்போது எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. பூண்டும் உருளைக்கிழங்கும் குதிரை முதுகில் ஏறித்தான் கொடைக்கானல் கடைவீதிக்குப் போகும். வெள்ளனே கிளம்பினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். பூண்டு வாங்குகிற ராவுத்தர் கடையில் பொதியை இறக்கி, கடைக்குப் பின்னாலேயே படுத்து எழுந்து, மறுநாள் திரும்புவார்கள். திரும்பும்போது குதிரையைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. கயிற்றைச் சுருட்டிக் கழுத்தில் போட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி விட்டுவிடுவார்கள். பாரம் இறங்கினதும் குதிரைக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். சோலைக்காட்டு வழியே தானாக வந்து சேரும். முதலில் கழுத்து மணிச் சத்தம், பிறகு குதிரை, அதுக்கும் பிறகு கொஞ்சம் கழித்து மனுசன். மணி கேட்டதும் உலை வைத்தால் அவர் கால் கழுவி உட்காரும்போது சோறு சூடாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது.

ஒரு வருசம் விடாத மழை. பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போச்சு. சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கொடைக்கானல் கடைவீதியில் தமுக்கு அடித்தார்கள். இவரும், பக்கத்து மலையூரான போளூரில் இருக்கிற இவருடைய பங்காளி ஒருத்தரும் போய்ப் பேர் கொடுத்துவிட்டார்கள். பட்டாளம் என்று நினைத்துக் கொடுத்தது. எடுத்ததோ கப்பலுக்கு.

என் மாமியாருக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"ஏலே, எண்ணெய் தேச்சுக் குளிக்கக் கூப்பிட்டா காட்டுக்குள்ள ஓடுறவன் நீ. உன்னையக் கொண்டுபோயி கடல்ல விடுறானா வெள்ளைக்காரன்? அவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

நான் கொடைக்கானல் வரைக்கும் கூட நடந்துபோய் வழியனுப்பினேன். ஏரியில் துரைமார் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் இதைவிடப் பெரிசாக இருக்குமா என்று கேட்டேன். அவருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி சிரித்தார்.

முதல் லீவுக்கு வந்தபோது ஆள் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தார். காது கொஞ்சம் மந்தம். பீரங்கிச் சத்தம் என்றார். சின்னக் கப்பல்தானாம், ஆனால் முன்னால் போகிற கப்பல். பெரிய கப்பல்கள் வரும் பாதையில் எதிரி தண்ணிக்குள்ளே போட்டு வைத்திருக்கிற வெடியைத் தேடி வாரணும். இவருக்குக் கப்பலின் அடித்தட்டில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. கூட இருக்கிற ஆட்களைப் பற்றித்தான் ஆசையாகப் பேசினார். சமையலுக்கு மலையாளத்துக்காரர், பீரங்கிக்குப் பஞ்சாபிக்காரர், கரி அள்ள வங்காளத்து ஆட்கள். பாஷை புரியாமல் சண்டை போடுவார்களாம், பாஷை புரியாமலே ராசியும் ஆவார்களாம். பக்கத்தில் வந்த கப்பல் ஒன்று வெடித்து முழுகினதை மட்டும் ஒரே தரம் சொன்னார். அதுக்குப் பிறகு நாங்களும் கேட்கவில்லை.

லீவு முடிய இருந்த சமயம், சாயங்காலம் அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கூடையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தார்.

"துணைக் கப்பலுக்கு ஆள் கேக்குறாங்க. இஷ்டப்பட்டவங்க மாறிக்கலாம். மூணு இருக்கு. திரும்பிப் போனதும் எதுன்னு சொல்லணும்."

சண்டைக் கப்பலை விட்டு மாறலாம் என்றதுமே எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"இது பட்டறைக் கப்பல்" என்று முதல் கிழங்கைத் தொட்டார். "ரிப்பேரான கப்பலையெல்லாம் சரி பண்ணுறது. துறைமுகத்துலயே நிக்கும்."

"அதுதான் சரி" என்றார் மாமியார். "நிக்கிற எடத்துல நின்னா என்ன வரப்போவுது?"

"நிக்கிறதைப் பாத்துத்தான் மேலேயிருந்து குண்டு போடுறான், ஆத்தா."

மாமியார் அந்தக் கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டார்.

"இது எண்ணெய்க் கப்பல். மத்த கப்பலுக்கெல்லாம் எண்ணெய் கொடுக்குறது."

"வேண்டாம்" என்றேன். எண்ணெயும் நெருப்பும் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கப்பல்காரன் சொல்லித் தரவேண்டியதில்லை. அதையும் கூடையில் போட்டோம்.

கடைசிக் கிழங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இது சாமான் கப்பல். அரிசி, மாவு, தண்ணி, துணிமணி எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயி, கடல்ல நிக்கிற கப்பலுக்கு எறக்கிக் கொடுக்கணும். சண்டைக்கு முன்னால போவாது. பின்னாலதான் வரும்."

"எறக்கிக் கொடுத்துட்டு?" என்று கேட்டேன்.

அவர் வெளியே கட்டியிருந்த குதிரையைப் பார்த்தார். "எறக்கிட்டா அப்புறம் என்ன புள்ள? பாரம் இல்லைன்னா வீடுதான்."

மூன்று பேருக்கும் அது பட்டென்று புரிந்தது. வேறு எப்படிப் புரியும் எங்களுக்கு? பொதி போகும், இறங்கும், வெரசா வீட்டுக்குத் திரும்பும். எங்கள் மலையில் பிறந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மாமியார் அந்தக் கிழங்கை வாங்கிச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டு அவருக்கே தின்னக் கொடுத்தார். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்த பூண்டில் நல்ல கொத்தாகப் பார்த்து நான் மூட்டை கட்டிக் கொடுத்தேன். புகை ஏறின பூண்டு எத்தனை மாசமானாலும் கெடாது. கப்பல் கெட்டுப்போனாலும் பூண்டு கெடாது என்று சொல்ல வாயெடுத்து, அபசகுனம் என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் கப்பலுக்குத் திரும்பிப் போன பிறகு குதிரைச் சோலியை நான் எடுத்துக்கொண்டேன். பொம்பளை பொதி ஓட்டுவதா என்று ஊரில் பேசினார்கள். பேசினவர் யாரும் என் பூண்டைச் சுமந்து கொடுக்கவில்லை. ஊர்க்காரர்களோடு சேர்ந்தே போய்வருவேன். ராவுத்தர் கடையில் இறக்கி, மறுநாள் வெள்ளனே கயிற்றைக் கழுத்தில் சுருட்டிப் போட்டு முதுகில் தட்டிவிடுவேன். மணிச் சத்தம் முன்னால் போகப் போகத் தேய்ந்துவிடும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நடக்கும்போது, இப்போது அவருக்கும் இறங்கியிருக்கும், இந்நேரம் கிளம்பியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மழை வந்து போனது, பனி வந்து போனது. பூண்டு போட்டேன், பிடுங்கினேன், மறுபடி போட்டேன். அவர் வரவில்லை.

சண்டைக் கப்பலிலேயே இருந்துவிட்ட போளூர்ப் பங்காளி லீவில் வந்தார். எனக்கு ஒரு வாசனைச் சோப்பு கொண்டுவந்தார். போனார். மறுபடியும் லீவில் வந்தார். அப்போது கேட்டுவிட்டேன்.

"முன்னால போற கப்பல்காரர் நீங்க வந்துட்டீங்க. பின்னால வர்ற கப்பல் எங்க போச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது அப்படி இல்ல மதினி. எங்க கப்பல் அடி வாங்கினா, பழுது பாக்கக் கரையில போட்டே ஆகணும். அப்ப எங்களுக்கு லீவு. அண்ணன் கப்பலுக்கு அடியும் இல்ல, லீவும் இல்ல. ஒரு எடத்துல பாரம் எறங்கினா, கிட்டத்துல எந்தத் துறைமுகமோ அங்க போயி அடுத்த பாரம் ஏத்திடுறாங்க. துறைமுகத்துக்கு வந்தாத்தான் அவருக்குச் சோலியே அதிகம்."

"பாரம் இல்லாம அது வர்றதே இல்லையா?"

"பாரம் இல்லாட்டி அது என்னத்துக்கு மதினி?"

நான் களையெடுக்கக் குனிந்துகொண்டேன். அவர் போகிற வரைக்கும் நிமிரவில்லை. குதிரையைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அவர் உயிரோடு இருக்கிறார், அது வரைக்கும் சரி. ஆனால் கப்பலுக்குக் கழுத்தில் மணியும் இல்லை, வீட்டு நினைப்பும் இல்லை.

அடுத்த தடவை கடைக்குப் போனபோது ராவுத்தரிடம் அவருக்கு ஒரு காகிதம் எழுதித் தரச் சொன்னேன்.

"என்ன எழுதணும் தாயி?"

"வீட்டுல எல்லாரும் சுகம்னு எழுதுங்க. குதிரை சுகம்னு எழுதுங்க."

"உன்னையப் பத்தி?"

"எல்லாருலயும் நானும்தான இருக்கேன்."

அவர் பேனாவை எடுக்காமல் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னேன், பாரத்தை எங்கேயாவது இறக்கிவைத்துவிட்டு வரச் சொல்லுங்க என்று. அவர் அதையும் எழுதினார்.

சண்டை முடிந்தது என்று ராவுத்தர், எங்கேயும் கிடைக்காத சீனியை எங்கிருந்தோ எடுத்து எல்லார் கையிலும் கொஞ்சம் கொட்டினார். போளூர்ப் பங்காளி ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். சண்டை இல்லாவிட்டால் சண்டைக் கப்பலுக்கு என்ன வேலை? சாமான் கப்பலுக்கு அப்போதும் வேலை இருந்தது. அங்கங்கே கெடந்த மற்ற ஆட்களையெல்லாம் அவரவர் ஊர்க் கரையில் கொண்டுபோய் விடுகிற வேலை. மற்றவர் வீட்டில் எல்லாம் உலை கொதித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு முறை வரும் என்று மாமியார் திண்ணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு நடமாட்டம் குறைந்துபோயிருந்தது.

அப்படியே இன்னொரு விளைச்சலும் முடிந்தது. கொடைக்கானலில் பூண்டை இறக்கிவிட்டு, குதிரையை முன்னால் விட்டு, வழக்கம்போல நடந்து வந்தேன். நான் வரும்போது குதிரை கழுத்துக் கயிற்றோடு வாசலில் நிற்கும். நான்தான் அவிழ்த்துத் தண்ணீர் காட்டிக் கட்டணும். அன்றைக்குக் கழுத்தில் கயிறு இல்லை. மணி கூடக் கழற்றியிருந்தது. கயிறு தரையில், நடுவிலிருந்து வட்டம் வட்டமாகப் பாய் மாதிரி படியச் சுற்றிக் கெடந்தது. எங்கள் ஊரில் கயிற்றை யாரும் அப்படிச் சுற்றமாட்டார்கள்.

உள்ளே மாமியார் குரல் கேட்டது. "கத்திப் பேசுலே, உனக்குத்தான் காது மந்தம், எனக்கு இல்ல."

நான் உடனே உள்ளே போகவில்லை. கண்ணைத் துடைக்கவும் ஒரு சாக்கு வேணும். தொட்டியில் தண்ணீர் மொண்டு குதிரை முன்னால் வைத்துவிட்டு, அதன் கழுத்துப் பக்கம் முகத்தை வைத்தபடி நின்றேன்.

பின்னால் நிலைவாசலில் அவர் வந்து நின்றது தெரிந்தது.

"அதுக்கு நான் தண்ணி காட்டிட்டேன் புள்ள" என்றார்.

"இன்னொரு தடவை குடிக்கட்டும்" என்றேன்.